பும்கர் சௌக்கில் உன் அப்பா சொன்னது

கண்ணு,

இதைத் தமிழில் எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. உனக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். வாட்ஸ்அப்பில் நான் அனுப்புவதையெல்லாம் ஆபீஸ் லிஃப்டில் நின்றபடியே கட்டைவிரலால் தள்ளிவிட்டு, கடைசியில் கைகூப்பும் படம் ஒன்றைப் போட்டுவிடுகிறாய். இதை அப்படித் தள்ள முடியாது. ஒவ்வொரு வார்த்தையாக நின்று நின்றுதான் வர வேண்டும். புரியாத இடத்தை வேண்டுமானால் பெங்களூரில் யாரிடமாவது கேட்டுக்கொள். முழுவதையும் யாரிடமும் கொடுத்துப் படிக்கச் சொல்லாதே. இது நம் மூன்று பேருக்குள் இருக்க வேண்டியது. ம்ருணாலிடம் சொல்வதா வேண்டாமா என்பதைப் படித்து முடித்தபிறகு நீயே முடிவு செய்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டேன். டிசம்பரில் உனக்கும் ம்ருணாலுக்கும் கல்யாணம் முடிந்ததும் இங்கே நிக்டியில் இருக்கும் வீட்டைப் பூட்டிவிட்டு நாங்கள் பெங்களூருக்கு வந்துவிட வேண்டும், பழைய காரைத் தள்ளிவிட வேண்டும், உன் ஃப்ளாட்டுக்குப் பக்கத்திலேயே எந்நேரமும் நர்ஸ் இருக்கிற ஓர் இல்லத்தில் அப்பாவைச் சேர்த்துவிட்டு நான் உங்களோடு இருக்க வேண்டும். கல்யாணத்தன்றும் அப்பாவுக்குக் கூட்டம் ஒத்துக்கொள்ளாது, ஒரு நர்ஸை வைத்து வீட்டில் விட்டுவிடலாம், அவருக்குத்தான் ஒன்றும் தெரியப்போவதில்லையே என்றாய். என்மேல் உள்ள அக்கறையில்தான் சொன்னாய். நான் "பாக்கலாம்" என்றேன். நீ அதைச் சரி என்று எடுத்துக்கொண்டாய். என் மேல்தான் தப்பு. அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது என்று உனக்குச் சொன்னதே நான்தான். அதனால் பதில் சொல்வதற்கு முன்னால், போன மே மாதம் நடந்த ஒன்றை உனக்குச் சொல்லியாக வேண்டும்.

போன வருஷம் ஆகஸ்டில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தபோது நீ ஓடி வந்தாய், மூன்று வாரம் இருந்தாய். நீ கிளம்பும்போது அவர் வலது கையும் காலும் விழுந்து, பேச்சும் போய், கட்டிலில் கிடந்தார். அதற்கப்புறம் மெல்லப் பிடித்துக்கொண்டு நாலடி நடக்க வந்தது. பேச்சு வரவில்லை. வந்ததெல்லாம் "ஆமா" என்ற ஒரே சொல். டாக்டர் நாற்காலியைக் காட்டி இது நாற்காலியா என்று கேட்டார், ஆமா. இது யானையா என்றார், அதற்கும் ஆமா. அன்று வீட்டுக்கு வந்து உனக்குப் போன் செய்து, அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை, போனில் பேசி அவரைக் குழப்ப வேண்டாம் என்று சொன்னேன். அது முழுப் பொய் என்று அப்போது எனக்குத் தெரியாது. ஆனால் முழு உண்மை இல்லை என்று தெரியும். நீ பேசும் நாட்களில் அவர் போனைப் பார்த்து அழுவார். அழுதால் அன்று சாப்பிட மாட்டார். எனக்கு அது ஒரு வேலை கூடுதல். அந்த ஒரு வேலையைக் குறைப்பதற்காக உன்னை அவரிடமிருந்து வெட்டிவிட்டேன். ஒன்பது மாதமாக நீ அவரோடு பேசவில்லை.

என் நாட்கள் எப்படி இருந்தன என்று நீ கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. காலையில் அவரை எழுப்புவது, பல் தேய்த்துவிடுவது, மூத்திரப் பாட்டில் பிடிப்பது, துடைப்பது, ஊட்டுவது, காலையும் கையையும் மடக்கி நீட்டுவது. அது முடிந்தால் மறுபடி பாட்டில். டயாப்பரைப் போட்டுவிட்டால் இடது கையாலேயே கிழித்துப் போட்டுவிடுவார். அதனால் எங்கே போனாலும் பாட்டில். குளிக்கும்போது பாத்ரூம் கதவுக்குத் தாழ்ப்பாள் போட மாட்டேன், காதை வெளியே வைத்துக்கொண்டுதான் குளிப்பேன். கீழே காய்கறி வண்டி வந்தால் மூன்றாம் மாடியிலிருந்து கூடையை இறக்குவேன். வாசல் கதவு திறந்தேதான் கிடக்கும், யாரும் என்னைப் பூட்டி வைக்கவில்லை. ஆனாலும் அந்தப் படியைத் தாண்ட முடியாது. பக்கத்து வீட்டு அம்மாள், நீங்கள் எவ்வளவு பொறுமைசாலி என்று மராத்தியில் சொல்லும்போதெல்லாம் எனக்கு அவளை ஓங்கி அறைய வேண்டும்போல இருக்கும்.

வெளியே போக எனக்கு இருந்த ஒரே சாக்கு கார்தான். உனக்கு நினைவிருக்கும், அப்பா தொழிற்சாலையில் இன்ஜின்களை ஓடவிட்டுச் சோதிக்கிற பிரிவில் இருபத்தெட்டு வருஷம் இருந்தவர். நம் காரை அவர் ஒருநாளும் யாரிடமும் சர்வீஸுக்கு விட்டதில்லை. ஆறு மாதத்துக்கு ஒரு ஞாயிறு, கீழே பார்க்கிங்கில் பழைய லுங்கியோடு உட்கார்ந்துவிடுவார். நீ அந்த நேரம் கிரிக்கெட்டுக்குப் போயிருப்பாய். டார்ச் பிடித்தது நான்தான். ஸ்பேனர் அளவுகள் எனக்கு அப்படித்தான் பழகின. எனக்கு ஐம்பது வயதானபோது, லீவு நாளில் காலியாகக் கிடக்கும் தொழிற்பேட்டை ரோடுகளில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான். ஆகவே பேட்டரி இறங்கிவிடக் கூடாது, இன்ஜினை ஓடவிட வேண்டும் என்று சொல்லிக்கொண்டு வாரத்தில் இரண்டு நாள் அவரைக் கட்டிலில் விட்டு, வெளியே பூட்டிக்கொண்டு கீழே போவேன். பத்து நிமிஷம் என்று சொல்லிவிட்டுப் போவேன். காரின் கதவை அடைத்துக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சும்மா உட்கார்ந்திருப்பேன். சில நாள் ஒரு மணி நேரம்கூட. எங்கேயும் போக மாட்டேன். அந்த நேரத்தில் யாரும் என்னைத் தொட மாட்டார்கள், எனக்கும் யாரையும் தொட வேண்டியதில்லை. எனக்கு அது போதும்.

மே மாதத்தில் ஒரு திங்கட்கிழமை, ஏர் ஃபில்டரைத் தட்டிச் சுத்தம் செய்து நாலு ஸ்பார்க் பிளக்கையும் மாற்றிவிடலாம் என்று இறங்கினேன். வண்டிக்குத் தேவைப்பட்டதுதான், ஆனால் எனக்குத்தான் அது அதிகம் தேவைப்பட்டது. நம் வண்டியில் ஃபில்டர் பெட்டி இன்ஜினுக்கு மேலேயே உட்கார்ந்திருக்கும். அதைத் தூக்கினால்தான் பிளக்குகள் தெரியும். நிதானமாகத்தான் செய்தேன். பழைய பிளக்குகளைக் கழற்றி வரிசையாகத் துணியில் வைத்தேன், புதியவற்றைக் கையாலேயே திருகி இறக்கிப் பிறகு ஸ்பேனரால் முறுக்கினேன். சந்தோஷமாக இருந்தேன் என்றே சொல்ல வேண்டும். பெட்டியைத் திரும்ப வைக்கும் நேரத்தில் மேலே ஜன்னலிலிருந்து பக்கத்து வீட்டு அம்மாள் கூப்பிட்டாள், உங்கள் வீட்டில் ஏதோ விழுந்த சத்தம் கேட்டது என்று. பெட்டியை அமுக்கி, நாலு போல்ட்டையும் அவசரமாக முறுக்கி, பானெட்டைச் சாத்திவிட்டு ஓடினேன். அப்பா எழுந்திருக்கப் பார்த்து, முடியாமல், மேஜையைப் பிடித்து இழுத்திருக்கிறார். தண்ணீர்ச் செம்பு உருண்டு கிடந்தது. அவர் கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். அடிபடவில்லை. நான் போய் இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது.

மறுநாள் வண்டியை எடுத்தால் இன்ஜின் வேறு மாதிரி ஓடியது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் ஒன்றும் தெரியாது. காலை எடுத்துவிட்டால் வண்டி மொத்தமும் குளிர்ஜுரம் வந்தவர்போல உதறும். சத்தம் ஏறும், இறங்கும், பிறகு நின்றுவிடும். பிளக்கைத்தான் சரியாக மாட்டவில்லை என்று நினைத்தேன். பெட்டியை மறுபடி தூக்கி, பிளக் வயர் நாலையும் ஒவ்வொன்றாகக் கழற்றி, டக்கென்று சத்தம் வரும்வரை அமுக்கினேன். உதறல் போகவில்லை. பழைய பிளக்குகளையே திரும்பப் போட்டுப் பார்த்தேன், அப்போதும் அப்படியே. நான் எங்கே தப்பு செய்திருப்பேன் என்று நினைத்தேனோ அந்த இடத்தை மட்டுமே திரும்பத் திரும்பப் பார்த்தேன். வேறு எங்கும் கண் போகவில்லை.

புதன்கிழமை தெரிந்த மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். நல்ல மனுஷன், அப்பாவை சாகேப் என்று கூப்பிடுகிறவர். கடைசியாக யாராவது பானெட்டைத் திறந்து ஏதாவது செய்தார்களா என்றுதான் முதலில் கேட்டார். நான் இல்லை என்றேன். தானாகவே இப்படி ஆகிவிட்டது என்றேன். ஒரு பெண்பிள்ளை கையை வைத்துக் கெடுத்துவிட்டாள் என்று சிரிப்பார் என்று தோன்றியது. அதைவிட, எதற்காகக் கீழே அவ்வளவு நேரம் இருந்தாய் என்று கேட்டுவிடுவாரோ என்ற அர்த்தமில்லாத பயம். நான் சொன்னதை நம்பியதால் அவர் பெட்டியைத் தூக்கிப் பார்க்கவேயில்லை. ஏதோ கருவியை மாட்டிப் பார்த்துவிட்டு, பெட்ரோலும் காற்றும் சரியாகக் கலக்கவில்லை, இன்ஜெக்டரில் அழுக்கு இருக்கலாம், இரண்டு நாள் விட்டுவிட்டுப் போங்கள் என்றார். இரண்டு நாள் கார் இல்லாமல் இருப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அப்புறம் வருகிறேன் என்று சொல்லி, சிக்னலில் எல்லாம் ஆக்ஸிலரேட்டரை மிதித்தபடியே வீடு வந்து சேர்ந்தேன்.

வியாழக்கிழமை அப்பாவுக்கு ஹிஞ்சேவாடியில் பேச்சுப் பயிற்சி. பயிற்சி கொடுக்கும் பெண்ணைப் பற்றி உனக்கு நான் சொன்னதில்லை. சின்ன வயது, ஹிந்தியில்தான் பேசுவாள். இரண்டாவது தடவை போனபோதே அவள் என்னிடம், சாருக்குப் புரிகிறது, சொல்தான் வாய்க்கு வரமாட்டேன் என்கிறது, கேள்வி கேட்டுவிட்டு மனதுக்குள் இருபது எண்ணுங்கள், நீங்களே பதில் சொல்லிவிடாதீர்கள் என்று சொன்னாள். நான் தலையாட்டினேன். எண்ணியதில்லை. அவருக்குப் புரிகிறது என்றால் அவரை நான் பூட்டிவிட்டுப் போனதும் புரிந்திருக்கும், நான் முணுமுணுத்ததெல்லாம் புரிந்திருக்கும். அதைவிடப் புரியாமல் இருப்பதே எனக்கு வசதியாக இருந்தது.

கம்பெனி கேப்கள் எல்லாம் ஹிஞ்சேவாடிக்குள் நுழையும் நேரம் எப்படி இருக்கும் என்று உனக்கே தெரியும், இரண்டு வருஷம் நீயும் அதில் போனவன்தானே. பும்கர் சௌக் சந்திப்புக்கு முன்னால் மாட்டிக்கொண்டோம். முன்னால் பஸ், பின்னால் கேப், இரண்டு பக்கமும் கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் வண்டிகள். கதவைத் திறக்கக்கூட இடமில்லை. ஏசி போட்டால் இன்ஜின் நின்றுவிடும் என்று அதை அணைத்துவிட்டுக் கண்ணாடிகளை இறக்கியிருந்தேன். வெயில் மடியில் உட்கார்ந்திருந்தது. இடது கால் கிளட்சில், வலது காலில் பாதி பிரேக்கிலும் பாதி ஆக்ஸிலரேட்டரிலும். வண்டி உதறிக்கொண்டே இருந்தது. அப்போது அப்பா "ஸ்ஸ்ஸ்" என்றார்.

அந்தச் சத்தத்துக்கு எங்கள் வீட்டில் ஓர் அர்த்தம் உண்டு. ஆஸ்பத்திரியில் ஆயாக்கள் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு குழந்தைக்குச் சொல்வதுபோல அவருக்கு "ஸ்ஸ்" சொல்வார்கள். நானும் அதையே பிடித்துக்கொண்டேன். அறுபத்து மூன்று வயது ஆம்பிளையிடம் தினம் ஆறு தடவை "ஸ்ஸ் வருதா" என்று கேட்டவள் நான். அந்த அர்த்தத்தைக் கொடுத்ததே நான்தான். அதனால் அவர் அப்படிச் சொன்னதும் எனக்கு உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. இடது பக்கத்து பஸ்ஸில் ஜன்னலோரம் முழுக்கக் காலேஜ் பெண்கள், மேலேயிருந்து பார்த்தால் எங்கள் மடி தெரியும். அங்கே எப்படிப் பாட்டிலை எடுப்பது?

"சித்த பொறுத்துக்குங்க. வூட்ல போயிட்டுத்தான வந்தீங்க?" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். மறுபடி "ஸ்ஸ்ஸ்" என்றார். இடது கையால் என் முழங்கையைப் பிடித்து முன்னால் தள்ளினார். முன்னால் போ, ஓரமாக நிறுத்து என்கிறார் என்று நினைத்தேன். போக எங்கே இடம்? மறுபடி தள்ளினார், மறுபடி அந்தச் சத்தம். நாலு தடவை, ஐந்து தடவை. என் கால் பிசகி இன்ஜின் நின்றுவிட்டது. பின்னாலிருந்து ஹார்ன் ஒன்று தொடங்கி, அது பரவி, நாலு பக்கமும் ஹார்ன். சாவியைத் திருப்பினேன், உதறி நின்றது. மறுபடி திருப்பினேன். அவர் மறுபடியும் என் கையைப் பிடித்தார்.

அவர் கையைத் தட்டிவிட்டேன். உன்னிடம் எதையும் மறைக்கக் கூடாது என்றுதான் எழுத உட்கார்ந்தேன், ஆகவே நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அன்னைக்கே எல்லாம் முடிஞ்சிருந்தா உங்களுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி" என்றேன். கத்தவில்லை. சாதாரணக் குரலில், அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்.

அப்பா கையை மடியில் வைத்துக்கொண்டார். வண்டிகள் கொஞ்சம் நகர்ந்ததும் பின்னால் இருந்த கேப் டிரைவர் இறங்கி வந்து, தாயி, ஸ்டியரிங்கை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி, இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு வண்டியை ஓரமாகத் தள்ளிவிட்டார். பயிற்சிக்குப் போகவில்லை. கொஞ்ச நேரம் கழித்து இன்ஜின் பிடித்துக்கொண்டது. வீட்டுக்குத் திரும்பினோம். லிஃப்டில் வைத்து அவர் வேட்டியைத் தொட்டுப் பார்த்தேன், காய்ந்திருந்தது. வீட்டில் பாட்டிலைப் பிடித்தேன், ஒரு சொட்டும் வரவில்லை. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். பிடிவாதம் என்றுதான் நினைத்தேன்.

அதற்குப் பிறகு மூன்று நாள் அவர் "ஆமா"கூடச் சொல்லவில்லை. ஊட்டினால் வாயைத் திறப்பார், மெல்லுவார், விழுங்குவார். பாட்டில் வேண்டும் நேரத்தில் சத்தம் கொடுக்காமல் நனைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். நான் மாற்றிவிடுவேன். அவரும் பார்க்க மாட்டார், நானும் பார்க்க மாட்டேன். முப்பத்தைந்து வருஷத்தில் எத்தனையோ சண்டை போட்டிருக்கிறோம், ஆனால் சண்டைக்கு இரண்டு பேர் வேண்டும். இதில் நான் ஒருத்திதான் பேச முடியும். மன்னிப்புக் கேட்டால்கூட அதற்கும் அவர் பதில் சொல்ல முடியாது என்பதே என்னைக் கேட்கவிடாமல் செய்தது. அந்த மூன்று நாளும் நான் கீழே காரில் போய் உட்காரவில்லை. அவரை விட்டுப் போக முடியவில்லை. அவரோடு இருக்கவும் முடியவில்லை. சமையலறையில் நின்று அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி இருக்கும். வண்டியை மெக்கானிக்கிடம் விட்டுவிடுவது என்று முடிவு செய்து சாவியை எடுத்தேன். அவர் சாவியைப் பார்த்தார். என்னைப் பார்க்காமல் சாவியை மட்டும் பார்த்தார். என்னவோ தோன்றி, அவரைச் சக்கர நாற்காலியில் வைத்துக் கீழே கூட்டிப்போனேன். பார்க்கிங்கில் வண்டிக்கு முன்னால் நிறுத்தி, பானெட்டைத் தூக்கி, இன்ஜினை ஓடவிட்டேன். அது உதற ஆரம்பித்தது. அப்பா தலையைக் கொஞ்சம் சாய்த்தார். வேலைக்குப் போன காலத்தில் சாப்பாட்டு மேஜையில்கூட ஏதாவது சத்தம் கேட்டால் அப்படித்தான் சாய்ப்பார். அந்த முகத்தை நான் பத்து மாதமாகப் பார்க்கவில்லை.

இடது கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்தார். நான் விட்டுக்கொடுத்தேன். நாற்காலியை இன்னும் முன்னால் நகர்த்தச் சொல்லி இழுத்தார், நகர்த்தினேன். என் கையை ஃபில்டர் பெட்டிக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாத இடுக்குக்குள், மெதுவாக இறக்கினார். சூடாக இருந்தது. ஒரு சின்னக் குழாய் முனை விரலில் பட்டது. பட்டதும் என் விரலை அது வெடுக்கென்று உறிஞ்சிக்கொண்டது. அந்த நொடியில் இன்ஜினின் உதறல் நின்றது. ஒரே சீராக, அந்தக் காலம்போல ஓடியது. விரலை எடுத்தேன், மறுபடி உதறல். வைத்தேன், சீரானது. விரலை எடுத்திருந்தபோது குனிந்து காதை வைத்துக் கேட்டேன். அந்த முனை வழியாகக் காற்று உள்ளே இழுபடும் சத்தம். ஸ்ஸ்ஸ்ஸ்.

பெட்டியைத் தூக்கியபோது அதன் அடியில் போகிற ஒரு விரல் தடிமன் ரப்பர் குழாய் கழன்று பின்னால் தொங்கியிருக்கிறது. திங்கட்கிழமை அவசரத்தில் அதைப் பார்க்காமலே மேலே பெட்டியை வைத்து முறுக்கிவிட்டேன். அந்த ஓட்டை வழியாகக் கணக்கில் வராத காற்று உள்ளே போய்க்கொண்டிருந்தது. அவ்வளவுதான். அதைச் சரிசெய்ய இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. பும்கர் சௌக்கில் அத்தனை ஹார்னுக்கும் பஸ் சத்தத்துக்கும் நடுவில், தன் உடம்பிலேயே பாதி தன் பேச்சைக் கேட்காத மனுஷன், அந்தச் சத்தத்தைப் பிரித்துக் கேட்டிருக்கிறார். பெயர் சொல்ல வாய் வரவில்லை, அதனால் அந்தச் சத்தத்தையே எனக்குச் சொன்னார். முன்னால் பானெட்டைக் காட்டித் தள்ளினார். நான் அவருக்குச் சொன்ன பதில் உனக்குத் தெரியும்.

இன்ஜினை நிறுத்திவிட்டு அவர் முன்னால் தரையில் உட்கார்ந்தேன்.

"ஏனுங்க, அன்னைக்கு இதத்தான் சொன்னீங்களா?"

நான் எண்ணத் தொடங்கினேன். முதல் தடவையாக எண்ணினேன். ஒன்பதோ பத்தோ வரும்போது அவர் "ஆமா" என்றார். எப்போதும் சொல்கிற அதே ஆமாதான். ஆனால் கண்ணிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. நான் மன்னிப்புக் கேட்டேன். அதையெல்லாம் இங்கே எழுத மாட்டேன்.

அழுது முடித்தபிறகு இன்னொன்றும் கேட்டேன். நீ ஏப்ரலிலேயே அந்த இல்லத்தைப் பற்றி ஒரு தடவை சொல்லியிருந்தாய் அல்லவா, அதை அவரிடம் சொன்னேன். மகன் இப்படி ஓரிடம் பார்த்து வைத்திருக்கிறான், அங்கே போகிறீர்களா என்று கேட்டுவிட்டு எண்ணினேன். இருபது தாண்டி, முப்பதும் தாண்டியது. வாட்ச்மேன் எங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார். அப்பாவின் உதடு எதையோ தேடிக்கொண்டிருந்தது. பிறகு இடது கையைத் தூக்கி என் மார்பில் விரலை வைத்து, "நீ" என்றார். பத்து மாதத்தில் ஆமாவைத் தவிர அவர் சொன்ன முதல் சொல். அந்த விரலை எடுத்து வாசல் கேட் பக்கம் நீட்டினார். "போ" என்றார்.

அன்று நான் சொன்ன சொல்லுக்கு இதுதான் கூலி, என்னைத் துரத்துகிறார் என்று நினைத்தேன். பழைய நானாக இருந்தால் அதோடு எழுந்து போயிருப்பேன். ஆனால் அவர் சொல்வதை ஒரு தடவை தப்பாகப் புரிந்துகொண்டு என்ன செய்தேன் என்பது கண் முன்னால் இருந்தது. அதனால் மறுபடி கேட்டேன்.

"கோவத்துல சொல்றீங்களா? இல்ல, என்னய வெளிய போயிட்டு வரச் சொல்றீங்களா?"

காத்திருந்தேன். அவர் காரைக் காட்டினார். டிரைவர் சீட்டைக் காட்டினார். பிறகு தன் கண்ணை மூடி, நான் ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்திருப்பது போலவே இடது கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். நான் கீழே என்ன செய்துகொண்டிருந்தேன் என்று மேலே கட்டிலில் கிடந்த அவருக்கு முதலிலிருந்தே தெரிந்திருக்கிறது. இன்ஜின் சத்தம் கேட்காத அந்த ஒரு மணி நேரத்தை அவர் காதால் கணக்கிட்டிருக்க வேண்டும். கண்ணைத் திறந்து மறுபடி கேட்டைக் காட்டினார். "போ." சும்மா உட்காராதே, போய்விட்டு வா என்கிறார். நான்தான் மாட்டிக்கொண்டவள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என்னைக் கட்டிப்போட்டிருப்பது தான்தான் என்று அவர் பத்து மாதமாகச் சொல்ல முடியாமல் கிடந்திருக்கிறார்.

இப்போது அவரைப் பார்த்துக்கொள்ள ஒரு மௌஷி காலையில் மூன்று மணி நேரம் வருகிறார். மராத்தியில் அப்பாவிடம் ஓயாமல் பேசுகிறார், அவர் ஆமா போட்டுக்கொண்டே இருக்கிறார். முதல் நாள் நான் காரை எடுத்து நெடுஞ்சாலைவரை போய், எங்கே போவதென்று தெரியாமல் இருபதாவது நிமிஷம் திரும்பிவிட்டேன். அப்பா கடிகாரத்தைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். இப்போது கொஞ்சம் தேறியிருக்கிறேன். இதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதே, கண்ணு. மூன்று மணி நேரம் போக மீதி இருபத்தொரு மணி நேரம் அதே பாட்டில், அதே துணி, அதே மூன்றாம் மாடி. என்னால் தனியாக முடியவில்லை. இதையும் நான் உன்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன். அடுத்த மாதம் நீ பத்து நாள் வந்து இருந்து அவருக்கு எல்லாம் செய். வேலைக்கு ஆள் வைக்காமல் நீயே செய். நான் உடுமலையில் என் தங்கை வீட்டுக்குப் போய்த் தூங்க வேண்டும்.

அந்த இல்லம் வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஒருவேளை அதுதான் சரியாக இருக்கலாம். ஆனால் அதை நீயும் நானும் போனில் முடிவு செய்யக் கூடாது. கல்யாணத்துக்கு அவர் வர வேண்டுமா என்பதும் அப்படித்தான். நம் வீட்டில் இதையெல்லாம் கேட்க வேண்டிய ஆள் ஒருவர் இருக்கிறார், காது நன்றாகக் கேட்கிறது. உனக்கு வாழ்க்கையில் நான் சொல்லக்கூடிய புத்தி ஒன்றுதான் இருக்கிறது, அதையும் இந்த வயதில்தான் கற்றேன். ம்ருணால் ஏதாவது சொன்னால், உனக்குப் புரிந்துவிட்டது என்று தோன்றும் அந்த நொடியில் இன்னொரு தடவை கேள். ஏதாவது கெட்டுப்போனால், கடைசியாகக் கை வைத்தது நீ என்றால், அதை முதலில் சொல்லிவிடு. நான் சொல்லாததால் மெக்கானிக்குக்கும் தெரியவில்லை, உனக்கும் தெரியவில்லை.

வரும் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் போன் செய். நான் எடுத்து அவர் இடது கையில் கொடுத்துவிட்டுப் பால்கனிக்குப் போய்விடுவேன். கேட்க வேண்டியதை நீயே அவரிடம் கேள். பதில் வர நேரமாகும். போனை வைத்துவிடாதே.

அம்மா